சட்டையின் முதுகில் எழுதியது

அத்தியாயம் 9

செத்துப்போன என் தங்கையின் முகத்தில் கடுகுக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு நிலையக் கூடம் முழுக்க ரோடாதான். எல்லோரும் கத்தரிப்பூ நிறச் சட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் ரோடா சிரித்துக்கொண்டிருந்தாள். பன்றிக்கறித் துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்த ஒருவனின் நெஞ்சில், அவள் கண்ணுக்குக் கீழே கடுகு. இன்னொருத்தி சட்டை நுனியைத் தூக்கித் தன் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். அந்த நுனியில் ரோடாவின் தாடை இருந்தது.

பார்க்கச் சகிக்கவில்லை. கரண்டியும் கையுமாகச் சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன், வேறு எங்கே போவது?

போன மார்ச்சில் ரோடாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கள் படகுத்துறை ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஃப்ளூவில் படுத்திருந்தார்கள். இவளுக்கும் அதுதான் என்று ஊரே முடிவு கட்டியது. மூத்திரத் தொற்று ரத்தத்தில் இறங்கிவிட்டது, இதற்குப் பெயர் செப்சிஸ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. முப்பத்தாறு வயசு.

என் அக்கா பெர்னடீன் அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினாள். நல்ல காரியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் கவுன்சில் இடைத்தேர்தலுக்கு மனுக் கொடுத்த அதே வாரத்தில்தான் அவளுக்கு அந்த ஞானம் பிறந்தது. இந்த விருந்தும் சட்டையும் அவள் ஏற்பாடு. நெஞ்சில் ரோடா, முதுகில் செப்சிஸின் அறிகுறிகள், கைப்பக்கம் பொடி எழுத்தில் 'பெர்னடீனுக்கு உங்கள் வாக்கு'. இத்தனை வாரமாகப் படித்துவரும் உங்களுக்கு என் அக்காவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுமா?

"லோர்னா, அந்தச் சூப்பில இன்னும் கொஞ்சம் பால ஊத்து. கூட்டம் ஜாஸ்தியா இருக்கு," என்று சன்னலில் தலையை நீட்டினாள் பெர்னடீன்.

"இப்பவே கழனித்தண்ணி மாதிரி இருக்கு. மீன் எங்கேன்னு தேடுறாங்க."

"ரோடாவுக்காக வந்தவங்கடி. சூப்புக்காக இல்ல."

"அப்ப மூணாவது தடவையா எதுக்கு வரிசையில நிக்கிறாங்க?"

அவள் உதட்டுச் சாயம் கலையாமல் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர் கார்னெட். எங்கள் தீயணைப்புப் படைத் தலைவர். முதலுதவிக்கும் அவர்தான். தொப்பையில் ரோடாவின் முகம் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது.

"லோர்னா, முதுகில உங்க அக்கா போட்டிருக்கிற கடைசி வரியப் பாத்தியா? 'ஆள் அவரா இல்லேன்னா உடனே 911-ஐக் கூப்பிடுங்க.' சனிக்கிழமை ஆனா படகுத்துறையில பாதிப் பேருக்குக் கூப்பிடணுமே!"

வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் குடித்திருக்கிறான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'இன்னிக்கு அவன் அவனா இல்ல' என்பார்கள். பாதிரியார் அப்படித்தான் சொல்வார். படகுக்குப் போக முடியாத புருஷனுக்காகப் பெண்டாட்டி ஃபோன் செய்தால் அப்படித்தான் சொல்லுவாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த அறிகுறியை 'மனக்குழப்பம்' என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். "இதெல்லாம் எங்க ஜனத்துக்குப் புரியாது, எங்க பாஷையில போடுறேன்" என்று மாற்றியது பெர்னடீன். மாற்றிய பிறகு அது எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? ம்ஹூம்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போதே மேடையேறினாள். உள்ளூர்ப் பத்திரிகையின் படமெடுக்கும் பெண் முன்வரிசையில் முழங்காலிட்டாள்.

"என் தங்கச்சி ரோடா," என்று ஆரம்பித்து, சரியான இடத்தில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினாள். ஒத்திகை பார்த்த மூக்குறிஞ்சல். நேற்று மாலை என் அடுப்படியில் நின்று இதே இடத்தில்தான் உறிஞ்சிக் காட்டினாள்.

அப்போதுதான் எல்வுட் உள்ளே வந்தான்.

எல்வுட் எங்கள் தம்பி. பெர்னடீனின் புருஷன் கார்லைலின் படகில் கையாள். இரை வைத்த கூண்டுகளைக் கடலில் இறக்கி ஏற்றுவது அவன் வேலை. பதினெட்டு வயசிலிருந்து குடி. ரோடாவைப் புதைத்த அன்று புட்டியைக் கடலில் வீசினான், அதற்குப் பிறகு தொடவில்லை. ஊரில் அதை நம்பியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் இன்னும் எவ்வளவு நாள் தாங்குவான் என்று பந்தயம் கட்டினார்கள்.

கதவுக்கும் முதல் மேசைக்கும் நடுவில் இரண்டு நாற்காலியைத் தட்டிவிட்டான். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மேடையில் மாட்டியிருந்த ரோடாவின் பெரிய படத்தைப் பார்த்து, "ரோடா, கூண்டெல்லாம் இறக்கியாச்சா? காத்து திரும்புதுடி," என்றான். நாக்கு குழறியது.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "போச்சு, இன்னிக்கு அவன் அவனா இல்ல," என்றாள் ஒருத்தி, ரொம்பத் திருப்தியாக.

பெர்னடீன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கதவைக் காட்டினாள். அவனை வெளியே கொண்டு போ, படமெடுப்பதற்கு முன்னால் கொண்டு போ.

கோட்டு மாட்டும் அறைக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தேன். ரம் வாடை இல்லை. பீர் இல்லை. ஒன்றுமே இல்லை. ஆனால் வேறு எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது.

"எல்வுட், கையக் காட்டு."

"வேண்டாம். கார்லைல் திட்டுவாரு."

"கார்லைல் கிடக்கிறான். காட்டுடா!"

வலது கையில் ரப்பர் கையுறை போட்டிருந்தான். அதன் மேல் இன்னொரு கையுறை. சாப்பாட்டுக் கூடத்துக்கு எவனாவது படகுக் கையுறை போட்டுக்கொண்டு வருவானா? மேலே இருந்ததை உருவினேன். உள்ளே இருந்ததை உருவும்போது அவன் கத்தினான், நான் என் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டேன்.

வெயிலில் கிடந்த இரைப் பீப்பாய் நாற்றத்தில் வளர்ந்தவள் நான். மீன் குடல் நாற்றத்தோடு ரொட்டி தின்றிருக்கிறேன். இது அந்த நாற்றம் இல்லை. இனிப்பும் அழுகலுமாக ஒரு வாடை. கட்டைவிரல் அடியில் கறுப்பு டேப் சுற்றி, அதைச் சுற்றிச் சதை பிதுங்கி, மணிக்கட்டு வரைக்கும் கத்தரிப்பூ நிறம். முழங்கை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

"என்னடா பண்ணின?"

"இரைமீன் முள்ளு குத்திடுச்சு. பிளீச் தண்ணியில முக்கி டேப்பு சுத்திட்டேன். சரியாயிடும்."

எங்கள் ஊர் வைத்தியம் இதுதான். பிளீச் தண்ணீர், கறுப்பு டேப், மறுபடியும் கூண்டு. இதில் பிழைத்தவர்கள் நிறைய. பிழைக்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மேட்டில் ஓடி ஏறியவனைப் போல மூச்சு இரைத்தது. நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. பல் கிட்டி நடுங்கினான். கால்சட்டையை மேலே தூக்கிப் பார்த்தேன், முழங்கால் தோல் பளிங்குக் கல் மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது.

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனியா?"

"வரலியே," என்றான். அப்புறம் தொங்கிய கோட்டுகளைப் பார்த்து, "அம்மா, கதவச் சாத்தும்மா, குளிருது," என்றான்.

நான் கார்னெட்டைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் வாயில் இஞ்சி கேக் இருந்தது.

"பாவம், ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சானே," என்றார் அவனைப் பார்த்து. "விடு லோர்னா. கோட்டுக்கு அடியில தூங்கட்டும். எழுந்ததும் தண்ணி குடு."

"அவன் குடிக்கல."

"அவன் அவனா இல்லம்மா. ஊருக்கே தெரியுது."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

"நானும் அதைத்தானே சொல்றேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இஞ்சி கேக்கைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் அடித்திருப்பேன். சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து அவரை அப்படியே திருப்பினேன்.

"உம்ம முதுகப் படியும்யா!"

"என் முதுக நான் எப்படிம்மா படிக்கிறது?"

"அப்ப நான் படிக்கிறேன், கேளும்." தொண்டை கிழியக் கத்தினேன். கதவு திறந்தே இருந்தது, கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். "வேகமா மூச்சு வாங்கும். பாரும்! உடம்பு சுடும், இல்லேன்னா ஜில்லுன்னு வேர்க்கும். தொட்டுப் பாரும்! தோல் நிறம் மாறும். மூத்திரம் போகாது. தாங்க முடியாத வலி. ஆள் அவரா இருக்க மாட்டார். எது மிச்சம் இருக்கு? சொல்லும்யா, எது மிச்சம்?"

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இது செப்சிஸ்," என்றேன். "ரோடாவுக்கு வந்தது. நெஞ்சில போட்டுக்கிட்டு நிக்கிறீரே, அவளுக்கு வந்தது."

மேடையிலிருந்து ஒலிவாங்கியில் அக்காவின் குரல் வந்தது. "நண்பர்களே, ஒண்ணுமில்ல. குடும்ப விஷயம். சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

கார்னெட் குனிந்து எல்வுட்டின் கழுத்தில் விரல் வைத்தார். அந்த ஆளை முப்பது வருஷமாகத் தெரியும், எரிகிற வீட்டுக்குள்ளும் விசிலடித்துக்கொண்டு போகிறவர். முகம் வெளுத்துவிட்டது. கேக்கைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைப் பையில் ஃபோனைத் துழாவினார். "ஆம்புலன்ஸ் வேணும். செப்சிஸ்னு சந்தேகம். ஆமாம்மா, செப்சிஸ். சீக்கிரம்," என்றார்.

அந்த வார்த்தையைச் சொன்னதும் மறுமுனையில் கேள்விகள் படபடவென்று வந்தன. போன வருஷம் நாங்கள் கூப்பிட்டபோது ஃப்ளூ என்றோம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து எல்வுட்டைப் படுக்கையில் கட்டினார்கள். அந்த நேரத்தில் பெர்னடீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தம்பியின் இடது கையை, நாறாத கையை, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குனிந்தாள். படமெடுக்கும் பெண் க்ளிக் க்ளிக் என்று தட்டினாள். அவள் எடுத்து முடிக்கும் வரைக்கும் அக்கா நிமிரவில்லை.

தூ! கூடப் பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆம்புலன்சுக்குப் பின்னால் கார்லைலின் வண்டியில் போனேன். பெர்னடீன் கூட்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னாள். கார்லைல் நல்ல மனுஷன் என்று நாற்பது மைல் சுற்றளவில் பெயர். அதிர்ந்து பேசமாட்டார். பாதித் தூரம் போனதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"முள்ளு எப்பக் குத்திச்சு?" என்றேன்.

"திங்கட்கிழமை."

"இன்னிக்குச் சனி!"

"நல்ல சீதோஷ்ணம் லோர்னா. அதுக்கு முந்தின வாரம் பூரா காத்து. அஞ்சு நாள் கெடச்சது, எல்லாப் படகும் ஓடிச்சு. அவனும் சரியாயிடும்னான்."

"நீங்க பாக்கலையா?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "வியாழக்கிழமை நாத்தம் வந்துச்சு. சாப்பிடவே முடியல. அதான் மேல இன்னொரு கையுறை போட்டுக்கச் சொன்னேன்."

அவர் சொன்னது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு மனுஷனின் கை அழுகுகிறது. அந்த நாற்றத்தில் இவருக்கு ரொட்டி இறங்கவில்லை. அதற்கு மூடி போட்டார்.

"கார்லைல், ரோடா செத்து ஒரு வருஷம்தான் ஆகுது."

"தெரியும். வியாழக்கிழமை ராத்திரியே பெர்னிகிட்ட சொன்னேன், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு."

"என்ன சொன்னா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சனிக்கிழமை விருந்து முடியட்டும்னா. எங்க படகுல வேலை செய்றவன், அவ தம்பி, இந்த வாரம் பாத்து ஆஸ்பத்திரியில கெடந்தா ஊர்ல என்ன பேசுவாங்கன்னா. டேப்பு நல்லா சுத்தியிருக்கான் இல்லன்னு கேட்டா."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலையோரப் பனியில் வாந்தி எடுத்தேன். கழனித்தண்ணிச் சூப்பு அப்படியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டுங்க," என்றேன். 

ஆஸ்பத்திரியில் எல்வுட்டுக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அடெயெமி நைஜீரியாவிலிருந்து வந்து எங்கள் பக்கம் ஆறேழு வருஷமாக இருக்கிறாள். சுருக்கமாகப் பேசுவாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து கேட்டாள்.

"காயம் பட்டு எத்தனை நாள் ஆச்சு?"

அதற்குள் பெர்னடீன் வந்து சேர்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் புதுசு. "நேத்துதான் டாக்டர்," என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பொய். திங்கட்கிழமை," என்றேன் நான்.

"லோர்னா, நீ பதட்டத்துல இருக்க. உனக்கு என்ன தெரியும்?"

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு உங்க சண்டையக் கேக்க நேரமில்ல. ஒரு நாள் காயத்துக்கு ஒரு முடிவு, அஞ்சு நாள் காயத்துக்கு ஒரு முடிவு. கூட வேலை செஞ்சது யாரு?"

கார்லைல் தரையைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். வீட்டில் அந்தப் பார்வைக்கு அவர் எழுந்து போய்க் குப்பையைக் கொட்டுவார், நாயை அவிழ்ப்பார், சொன்னதைச் செய்வார்.

"திங்கட்கிழமை டாக்டர்," என்றார். "வியாழக்கிழமையே நாறிடுச்சு."

டாக்டரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவின் சட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "வியாழக்கிழமை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எங்களிடம் சொன்னாள்.

"விஷம் கையிலிருந்து ஏறுது. மருந்து குடுத்தும் ரத்த அழுத்தம் ஏறல. திறந்து அழுகின சதைய எடுக்கணும். சர்ஜன் உள்ளதான் இருக்காரு, அவரும் பாத்துட்டாரு. மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் கையையே எடுக்க வேண்டியிருக்கும்னுதான் எனக்கும் தோணுது. கையக் காப்பாத்தப் பாத்தா ஆளு போயிடுவான். அவன்கிட்டக் கேட்டோம். பேரக் கேட்டா கூண்டுக் கணக்கு சொல்றான். பெண்டாட்டி, பிள்ளை?"

"இல்ல," என்றேன்.

"அப்ப கூடப் பிறந்தவங்க. யாரு மூத்தவங்க?"

வாழ்நாள் பூரா மூத்தவள் மூத்தவள் என்று எங்களை ஏறி மிதித்தவள், கல்யாணத்துக்குக் கேக்கு வெட்டுவதிலிருந்து சவப்பெட்டிக்குப் பூ வைப்பது வரை எல்லாவற்றிலும் முன்னால் நின்றவள், ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"இவளக் கேளுங்க," என்றாள் என்னைக் காட்டி. "எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசுறாளே. நாளைக்கு அவன் எழுந்து கை எங்கேன்னு கேட்டா, இவளக் கேக்கட்டும்."

நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுங்க," என்றேன் டாக்டரிடம்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வேகமாக உள்ளே நடந்தாள். எல்வுட்டின் படுக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலேயே நடந்தேன். மருந்துப் பைகள் தலைக்கு மேல் ஆடின. மின்தூக்கி வாசலில் கொஞ்சம் நின்றார்கள். கதவு திறப்பதற்காகப் பணியாள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான்.

எல்வுட் கண்ணைத் திறந்தான். கலங்காத கண். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து என்னை மட்டும் தேடுவானே, அந்தக் கண்.

"லோர்னா," என்றான். குனிந்தேன்.

"கைய எடுக்கப் போறாங்களா?"

"ஆமாண்டா."

"வேண்டாம்னு சொல்லு," என்றான், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. "கையில்லாம நான் இருக்க மாட்டேன். சொல்லு லோர்னா."

கதவு திறந்தது. டாக்டர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி, நர்சிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. பணியாள் காதிலும் விழவில்லை. என் காதில் மட்டும்தான் விழுந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. படுக்கையை உள்ளே தள்ளினார்கள். கதவு மூடும் வரைக்கும் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.